நம் மண்ணில் நடந்த தத்துவ போதக சுவாமிகள்

ஜூபிலி கொண்டாடும் இவ்வேளையில், நம் சேலம் நாமக்கல் சீமைக்கு வேத விளக்கேற்றிய மகானை நாம் நன்றியோடு நினைவுகூர்கிறோம். அவர் இராபர்ட் தெ நொபிலி. நம் முன்னோருக்கு அவர் தத்துவ போதக சுவாமிகள்.

1577-ல் இத்தாலி நாட்டில் உயர்குடியில் பிறந்த இவர், இயேசு சபையில் சேர்ந்து 1605-ல் கோவா வந்திறங்கினார். அடுத்த ஆண்டு மதுரைக்கு வந்தார். அங்கே பல்லாண்டுகள் உழைத்திருந்த மூத்த குருவானவர் ஒருவரால், உள்ளூர் உயர் குலத்தார் ஒருவரைக்கூட மனந்திருப்ப முடியவில்லை. காரணம் என்ன? கிறிஸ்தவராவது என்றால் பரங்கிக் குலத்தில் சேர்வது என்றே மக்கள் எண்ணினர். உணவும் உடையும் பழக்கமும் மாறிவிடும் என்று அஞ்சினர்.

இதைக் கண்ட சுவாமிகள் தமக்குள்ளேயே ஒரு கேள்வியை எழுப்பினார். நாம் போதிப்பதில் கிறிஸ்து எவ்வளவு, ஐரோப்பா எவ்வளவு? இக்கேள்வியே அவர் வாழ்வை மாற்றியது. காவி உடுத்தார், புலாலை விட்டார், தமிழோடு சமஸ்கிருதமும் தெலுங்கும் கற்றார். ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம் முதலிய நூல்களைத் தமிழில் இயற்றினார். கோவில், பூசை, குரு என்று நம் மக்களின் சொற்களிலேயே வேதத்தைப் பேசினார்.

எதிர்ப்பு வெளியாரிடமிருந்து மட்டும் வரவில்லை. சொந்தத் திருச்சபையினரே அவரைக் குற்றஞ்சாட்டினர். 1619-ல் கோவாவில் கூடிய சபையில் அவர் தம் முறையை விளக்க நேர்ந்தது. குடுமியும் பூணூலும் விசுவாசத்துக்கு விரோதமா என்று பல ஆண்டுகள் விவாதம் நடந்தது. அவர் திருச்சபையை விட்டு விலகவுமில்லை, தம் கேள்வியைக் கைவிடவுமில்லை. 1623-ல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் அவர் முறைக்கு அனுமதி தந்தார்.

அதே 1623-ல்தான் சுவாமிகள் வடக்கு நோக்கி நடந்து நம் பக்கம் வந்தார். சேந்தமங்கலத்தில் இராமச்சந்திர நாயக்கர் அவரை வரவேற்றார். சேலத்திலோ வீடு தருவாரில்லை. சத்திரத்தில் தங்கி நோயுற்றார். ஆயினும் திரும்பிப் போகவில்லை. 1625-ல் மோரமங்கலத்தில் திருமங்கல நாயக்கர் ஞானஸ்நானம் பெற்றார். பின்னர் வள்ளுவர் குலத்துக் குரு ஒருவர் வேதத்தில் சேர, அவரைப் பின்பற்றி ஒடுக்கப்பட்ட மக்கள் பலரும் வந்தனர்.

இங்கே நாம் உண்மையை மறைக்கலாகாது. உயர் குலத்தார் விலகிவிடுவர் என்ற அச்சத்தால் எளிய மக்களை இரவில் இரகசியமாகச் சந்திக்க வேண்டியிருந்தது. 1640 முதல் அம்மக்களுக்கெனப் பண்டார சுவாமிகள் என்னும் குருக்கள் தனியே ஏற்பட்டனர். சாதியை வெறும் உலக வழக்கம் என்று கருதி சுவாமிகள் அதை விட்டுவைத்தார். கதவைத் திறந்தவரே ஒரு சுவரையும் நிற்க விட்டார். தமிழகத்தின் சில ஊர்களில் கல்லறையிலும் அச்சுவர் நின்றதை நாம் அறிவோம்.

அவர் வாழ்வில் துன்பத்துக்குக் குறைவில்லை. 1640-ல் மதுரையில் சிறைப்பட்டார். முதுமையில் யாழ்ப்பாணமும் பின் மயிலாப்பூரும் சென்றார். பார்வை மங்கிய நிலையில், 1656 ஜனவரி 16-ல் மயிலாப்பூரில் இறைவனடி சேர்ந்தார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் பூசை நம் தாய்மொழியில் நடக்கிறது; பீடத்தில் குத்துவிளக்கு எரிகிறது. ஆனால் இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் கல்லூரிக்கும் ஆலைக்கும் வெளிநாட்டுக்கும் சென்று, புதிய கேள்விகளோடு திரும்புகின்றனர். ஏன் இந்த வழக்கம், எதற்கு இந்த வேற்றுமை என்று கேட்கின்றனர். விசுவாசம் குறைந்துவிட்டது என்று நாம் கடிந்து அவர்கள் வாயை அடைக்கலாமா? சுவாமிகளும் கேட்டவரே, கேட்டதோடு நில்லாமல், கற்று, செபித்து, பாடுபட்டுப் பதில் தேடியவர்.

அன்பான பங்கு மக்களே! நம் வழக்கங்களில் கிறிஸ்து எவ்வளவு, குலப்பெருமை எவ்வளவு என்று ஒவ்வொரு குடும்பமும் இந்த ஜூபிலி ஆண்டில் எண்ணிப் பார்ப்போமாக. அவர் விட்டுச்சென்ற சுவரை அகற்றும் பொறுப்பு நம்முடையது.