மர்ம எழுத்தைத் திறந்த மாமேதை அல்கிந்தி

நம் வீட்டுப் பிள்ளைகளில் சிலர் இன்று வங்கிகளிலும் பெரிய கம்பெனிகளிலும் ஒரு புதுவகை உத்தியோகம் பார்க்கின்றனர். வாடிக்கையாளரின் பெயர், விலாசம், கணக்கு விவரம் முதலியவை அந்நியர் கைக்குப் போய்விடாமல் காப்பதே அவர்கள் வேலை. தகவல் பாதுகாப்பு என்று அதனைச் சொல்கிறார்கள். இது மேனாட்டார் நேற்றுக் கண்டுபிடித்த கலை என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் இக்கலையின் ஆதி ஆசான்களுள் ஒருவர் பக்தாது நகரில் வாழ்ந்து மறைந்து ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன!

அபூ யூசுபு யஃகூபு இப்னு இஸ்ஹாக் அல்கிந்தி என்பது அப்பெரியாரின் முழுப்பெயர். கி.பி. 801-ஐ ஒட்டிப் பிறந்தவர். கிந்தா என்னும் புகழ்பெற்ற அரபுக் குலத்தினர். தந்தையார் கூபா நகரின் ஆளுநராக இருந்தவர். கலீபா மஃமூன் (813–833) காலத்தில் கிரேக்க நூல்களெல்லாம் அரபியில் பெயர்க்கப்பட்டு வந்தபோது, அப்பணியில் ஈடுபட்டோருக்கு வழிகாட்டியாக விளங்கினார். அடுத்து வந்த கலீபா முஃதஸிம் தம் மகன் அஹ்மதுக்கு இவரையே ஆசிரியராக்கினார். தத்துவம், கணிதம், வைத்தியம், சங்கீதம், வாசனைத் திரவியம் என்று இவர் எழுதாத துறை அரிது. அரபுகளின் தத்துவஞானி என்ற பட்டம் சும்மா வந்ததன்று.

நாம் இங்கே சொல்லவந்தது இவர் எழுதிய ஒரு சிறு ஏட்டைப் பற்றியே. மறைமொழியில் எழுதியதை எவ்வாறு வெளிப்படுத்துவது என்பது அதன் பொருள். அக்காலத்தில் இரகசியக் கடிதம் எழுதுவோர் ஓர் எழுத்துக்குப் பதில் வேறோர் எழுத்தையோ குறியையோ போட்டு எழுதிவிட்டு, இனி யாராலும் படிக்க முடியாது என்று நிம்மதியாக இருந்தனர். அந்த நிம்மதியைக் குலைத்தவர் அல்கிந்தி.

அவர் சொன்ன வழி மிக எளியது. கடிதம் எந்த மொழியில் உள்ளது என்று தெரிந்தால், அம்மொழியின் சாதாரண எழுத்துப் பிரதி ஒன்றை எடுத்துக்கொள். எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணு. பிறகு மர்மக் கடிதத்திலுள்ள குறிகளையும் எண்ணு. இங்கே மிகுதியாக வரும் குறி, அங்கே மிகுதியாக வரும் எழுத்தாக இருக்கக்கூடும்; அடுத்தது அடுத்ததாக. அவரே 3,667 எழுத்துக்களை எண்ணிப் பார்த்து, அலிபு 600 முறையும் லாம் 437 முறையும் வருவதாகக் கணக்கிட்டு வைத்தார். எந்த எழுத்து எந்த எழுத்தோடு சேரும், எது சேராது என்பதையும் ஆராய்ந்தார். கடிதம் மிகச் சிறியதாயின் இந்த எண்ணிக்கை பலிக்காது என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஐரோப்பாவில் இத்தகைய முறையை இத்தாலியரான ஆல்பெர்ட்டி எழுதியது 1466-ஐ ஒட்டித்தான்.

இதன் அருமை கம்பெனிக் காரியாலயங்களில் உள்ளோருக்கு நன்கு விளங்கும். பேரேட்டிலிருந்து பெயர்களை நீக்கி எண்களைப் போட்டுவிட்டால் ஆளை அடையாளம் காண முடியாது என்று நினைக்கும் மேலதிகாரிகள் இன்றும் உண்டு. பெயர் போனாலும் பழக்கம் போவதில்லையே! ஒருவர் எந்தக் கடையில், எந்தக் கிழமையில், எத்தனை முறை பணம் செலுத்துகிறார் என்பதை எண்ணினாலே ஆள் அகப்பட்டுவிடக் கூடும். இன்றைய சங்கேத முறைகளை அமைப்போர், எண்ணிக்கையின் சுவடே தெரியாதபடி அமைக்கப் பெரும்பாடு படுகின்றனர். பூட்டுத் திறக்கும் வித்தையை அறியாதவன் நல்ல பூட்டுச் செய்ய மாட்டான் என்பது நம் துணிபு.

பிறர் இரகசியத்தைத் திறக்கும் வழி சொன்ன இம்மேதையின் சொந்த ஏடுகளே ஒருநாள் பறிபோயின. கலீபா முதவக்கில் (847–861) காலத்தில், மூஸாவின் புதல்வர்களான முஹம்மது, அஹ்மது என்னும் விஞ்ஞானிகள் இருவர் பொறாமையால் கோள் மூட்டினர். அல்கிந்தி அடிக்கப்பட்டார். அவருடைய நூல்கள் அனைத்தும் பஸ்ராவுக்குக் கொண்டுபோய்த் தனியே அடைக்கப்பட்டன. இதனைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் வைத்திய வரலாற்றாசிரியர் இப்னு அபீ உஸைபிஆ எழுதி வைத்துள்ளார்.

அவர் கூறும் மீதிக் கதையும் கேட்கத்தக்கது. கலீபாவுக்காக அச்சகோதரர்கள் பொறுப்பேற்ற கால்வாயின் வாய்ப்பகுதி மற்றப் பகுதியைவிட ஆழமாக வெட்டப்பட்டுவிட்டது. வெள்ளக் காலத்தில் அன்றி அதில் நீர் ஓடாது. விசாரிக்க வந்தவர் ஸனது இப்னு அலீ. சகோதரர்கள் அவரிடம் உயிர்ப்பிச்சை கேட்டனர். ஸனதுக்கும் அல்கிந்திக்கும் ஏற்கெனவே பகை. ஆயினும் அல்கிந்தியின் நூல்களைத் திருப்பிக் கொடுக்காதவரை உங்களுக்காக ஒரு சொல்லும் பேசமாட்டேன் என்று அவர் உறுதியாக நின்றார். நூல்கள் திரும்பின. அதோடும் ஸனது விடவில்லை. கடைசி ஏடு வரை வந்து சேர்ந்ததென்று அல்கிந்தி தம் கைப்பட எழுதிய பற்றுச்சீட்டு வந்த பின்னரே வாய் திறந்தார். பகைவனின் பொருளுக்கும் பற்றுச்சீட்டுக் கேட்ட அம்மனிதரை நாம் எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

அல்கிந்தி 873-ஐ ஒட்டிக் காலமானார். அவர் எழுதியவற்றில் இருநூறுக்கு மேற்பட்டவற்றின் பெயர்களை இப்னு நதீம் தம் நூற்பட்டியலில் தந்திருக்கிறார், பெரும்பாலானவை மறைந்துவிட்டன. மர்ம எழுத்தைப் பற்றிய சிற்றேடு மட்டும் இஸ்தான்பூலின் சுலைமானிய்யா நூலகச் சுவடிகளிடையே கிடந்து, 1987-ல் திமிஷ்க் நகரில் அச்சேறியது.