மண்ணடுக்குப் பயிற்றிய மார்ட்டிமர் வீலர்

ஏலமும் மிளகும் விளையும் மேற்கு மலைச் சாரலில், போடிநாயக்கனூரை அடுத்த சிலமலை முதலிய ஊர்களில் வாழ்வோர் ஒன்றை நன்கு அறிவர். ஏலக்காய் மூட்டையின்மீது, அஃது எவருடைய சரக்கு என்று காட்டும் அடையாளம் இல்லையேல், சந்தையில் அதற்கு விலை கூறல் அரிது. நிலத்தின் அடியிற் கிடைக்கும் பழம்பொருளும் அத்தகையதே. எவ்விடத்தில், எந்த அடுக்கில், எவற்றோடு கிடைத்தது என்னும் குறிப்பு இல்லையாயின், பொற்காசும் வாய் திறவாது. குறிப்பு உண்டாயின், உடைந்த ஓடும் வரலாறு உரைக்கும். இவ்வுண்மையை நம் நாட்டு இளைஞர் பலர்க்குக் கைப்பயிற்சியாகவே கற்பித்தவர் மார்ட்டிமர் வீலர் என்னும் பிரித்தானிய அறிஞர்.

வீலர் 1890-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரிற் பிறந்தார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் பயின்றார். 1913-ஆம் ஆண்டில் இராக்ஸிடர் என்னும் பழைய உரோமானிய நகரின் அகழாய்வில் மாணவர் ஐவர் ஒருங்கு பணிபுரிந்தனர். அவருள் வீலரும் ஒருவர். மறு ஆண்டு முதல் உலகப்போர் மூண்டது. போர் முடிந்தபோது, அவ்வைவருள் உயிரோடு எஞ்சியவர் இவர் ஒருவரே. ஒரு கலையைக் கற்ற தலைமுறை அடியோடு மறைந்தால், அக்கலையும் அதனோடு மறையும் அன்றோ? பின்னாளில் அவர் சென்ற இடமெல்லாம் மாணவரைத் தேடிப் பயிற்றியதன் காரணம், பெரும்பாலும் அவ்விழப்பிலேதான் உள்ளது என்று கருதுகிறேன்.

போருக்குப்பின் வேல்ஸ் நாட்டுத் தேசிய அருங்காட்சியகத்திலும், 1926 முதல் இலண்டன் அருங்காட்சியகத்திலும் அவர் தலைமை பூண்டார். அவர்தம் மனைவியார் டெஸ்ஸா வீலரும் தேர்ந்த தொல்லியல் அறிஞர். வெருலேமியம், மெய்டன் காசில் ஆகிய இடங்களில் இருவரும் கூடியே அகழ்ந்தனர். மாணவரைப் பழக்கிய பொறுப்பிற் பெரும்பகுதி அவ்வம்மையாருடையது. தொல்லியலுக்கென ஒரு பயிற்சிக் கழகம் இலண்டனில் அமைய வேண்டும் என்பது அவ்விருவரின் பல்லாண்டு முயற்சி. 1937-ஆம் ஆண்டில் அக்கழகம் திறக்கப் பெற்றது. அதனைக் காண டெஸ்ஸா இல்லை. அதற்கு முந்திய ஆண்டிலேயே அவர் காலமாயினார்.

இரண்டாம் உலகப்போரில் மீண்டும் படைத்தொழில் மேற்கொண்டிருந்த வீலரை, இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வருமாறு அரசப் பிரதிநிதி வேவல் அழைத்தார். 1944-ஆம் ஆண்டில் அவர் இந்தியா வந்தார். துறையின் அந்நாளைய நிலை அவருக்கு உவப்பாக இல்லை. அரப்பாவின் செங்கற்களை இருப்புப்பாதைக்குப் பெயர்த்தெடுத்த பழைய அவலத்தை நாம் அறிவோம். அறிஞர் அகழ்ந்த இடங்களிலுங்கூட, மண்ணடுக்கைப் பாராது, இத்தனை அடி ஆழம் என்று மட்டும் அளந்து எழுதி வந்தனர். மேடு பள்ளமாகப் படிந்த நிலத்தில் ஒரே ஆழத்திலுள்ள இரு பொருள்கள் வெவ்வேறு நூற்றாண்டினவாக இருத்தல் கூடும். ஒருமுறை தோண்டிய நிலத்தை மறுமுறை தோண்ட இயலாது. ஆதலின், அறியாதவன் கை படும் நிலம், கிழித்தெறிந்த ஏட்டுச்சுவடியைப் போல்வதாம்.

வீலர் அவ்வாண்டிலேயே தட்சசீலத்தில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். பல பல்கலைக்கழகத்து மாணவரும் துறை அலுவலரும் அங்குக் கூடினர். நிலத்தைச் சதுரங்களாக வகுத்து, சதுரத்திற்கும் சதுரத்திற்கும் இடையே நெல்வயலின் வரப்பைப் போல ஒரு மண்சுவரை விட்டுத் தோண்டுதல் அவர் முறை. அச்சுவரின் முகத்தில் அடுக்குகள் நிறம் நிறமாகத் தோன்றும். ஒவ்வோர் அடுக்கிற்கும் எண் இட்டு, அதிற் கிடைத்த ஓடு ஒவ்வொன்றிற்கும் சீட்டு எழுதி, வரைபடமும் ஒளிப்படமும் எடுத்தல் வேண்டும். அவர் கடுமையானவர், சோம்பலைப் பொறார், சுடுசொற் கூறவும் தயங்கார். ஆயினும் மாணவர் அவரை விட்டு நீங்கவில்லை.

தமிழ்நாட்டுக்கு அவரால் விளைந்த பயனை இனிக் காண்போம். தென்னாட்டில் தாழிகளும் கற்குவைகளும் மிகுதியாகக் கிடைத்தன. அவற்றின் காலத்தை உறுதி செய்ய ஓர் அளவுகோல் இல்லை. 1944-இல் சென்னை அருங்காட்சியகத்தின் பேழை ஒன்றில், நீண்ட பிடியும் கழுத்துமாக உடைந்த சாடித் துண்டொன்றை வீலர் கண்டார். அது மத்தியதரைக் கடல்நாட்டு மதுச்சாடி. புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்தது. யவனர் கொணர்ந்த மதுவைப் பற்றி நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடிய புறப்பாட்டில் கூறியிருத்தலை நாம் அறிவோம். புலவர் பாட்டிற்குச் சான்றாகும் கலம் அப்பேழைக்குள் கேட்பாரற்றுக் கிடந்தது!

புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. ழூவோ துப்ரேய் முதலிய பிரெஞ்சு அறிஞர் அரிக்கமேட்டின் சிறப்பை முன்னரே உணர்ந்திருந்தனர். பிரெஞ்சு அரசின் இசைவோடு, 1945-ஆம் ஆண்டில் இந்திய மாணவரையும் அலுவலரையும் கொண்டு வீலர் அங்கு அகழ்ந்தார். பிரித்தானியர் தலைமை ஏற்க, இந்தியர் மண்ணைக் கிளற, பிரெஞ்சு மண் தன்னைத் திறந்து காட்டியது. இத்தாலி நாட்டு அரெட்டைன் என்னும் செந்நிறக் கலவோடுகள் அங்குக் கிடைத்தன. அவை கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதியோடு அருகியவை என்பது முன்பே தெரிந்த செய்தி. ஆகவே, அவற்றோடு அதே அடுக்கிற் கிடைத்த நம் நாட்டு ஓடுகளின் காலமும் புலனாயிற்று. 1947-இல் கருநாடகத்துப் பிரமகிரியில் கற்குவைகளின் காலத்தைக் கணிக்க அவ்வோடுகளே கைகொடுத்தன. 1947 முதல் 1950 வரை பிரெஞ்சு அறிஞர் கசால் அரிக்கமேட்டு அகழாய்வைத் தொடர்ந்தார்.

நாடு பிரிந்தபோது தட்சசீலம் பாகிஸ்தானுக்குரியதாயிற்று. அருங்காட்சியகப் பொருள்களும் பங்கிடப்பட்டன. மொகஞ்சதாரோவின் மணிமாலை ஒன்றை இரு கூறாக்கினர். வீலர் 1948-இல் இந்தியப் பதவியை விட்டு, பின்னர்ப் பாகிஸ்தான் அரசுக்கும் தொல்லியல் அறிவுரைஞராக இருந்தார். மாலையைப் பிரித்தனர், ஒரே பள்ளியிற் கற்ற முறையைப் பிரிக்க இயலவில்லை.

அவர்தம் மாணவருள் பி. பி. லால், எம். என். தேசுபாண்டே, பி. கே. தாப்பர் ஆகியோர் பிற்காலத்தில் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநர் ஆயினர். எகிப்து நாட்டில் அசுவான் பேரணையால் நூபிய நிலம் நீரில் மூழ்கவிருந்தபோது, உலக நாடுகளை உதவிக்கு அழைத்தது யுனெஸ்கோ. 1962-இல் லால் தலைமையில் இந்தியக் குழுவும் நைல் ஆற்றங்கரைக்குச் சென்று அகழ்ந்தது. முன்பு பயிற்சி பெற்ற நாடு, இப்போது பிறர்க்கு உதவச் சென்றது. பழம்பொருட் பாதுகாப்பிற் பன்னாட்டவரும் பயில்வதற்கு உரோமை நகரில் 1959-இல் ஒரு நடுவம் தோன்றியதே, அதனை நிறுவும் முடிவு 1956-இல் புதுதில்லியிற் கூடிய யுனெஸ்கோ பேரவையிலேயே எடுக்கப்பட்டது.

வீலரின் முடிவுகள் யாவும் நிலைபெற்றன என்று கூறுதல் பொருந்தாது. சிந்துவெளி நகரங்களை வேற்றவர் படையெடுத்து அழித்தனர் என்ற அவர் கருத்தைப் பின்வந்தோர் ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22-ஆம் நாள் அவர் மறைந்தார். அதன்பின் 1989 முதல் 1992 வரை அமெரிக்க அறிஞர் விமலா பெக்லியும் சென்னைப் பல்கலைக்கழகத்தாரும் கூடி அரிக்கமேட்டை மீண்டும் அகழ்ந்தனர். உரோமானிய வணிகம் வருதற்கு முன்னரே அவ்வூர் நம் மக்கள் வாழ்ந்த ஊராக இருந்ததென்று கண்டனர். வீலர் 1946-இல் வெளியிட்ட அறிக்கையில் அடுக்கடுக்காக வரைந்து வைத்த படங்களை அருகில் வைத்துக்கொண்டே அவரைத் திருத்தினர்.