அண்ணல் அம்பேத்கரின் அன்றாட ஒழுங்கு

தில்லை நகரில் நம் சங்கத்தின் மாலை வகுப்பிற்கு வரும் இளைஞர் பலர், அண்ணல் அம்பேத்கர் அவர்களைப் போல் நாளொன்றுக்குப் பதினெட்டு மணி நேரம் படித்தல் வேண்டுமோ என்று என்னை வினவுவதுண்டு. அம்மாமேதையின் வாழ்வை நெருங்கி நோக்கினால் விடை கிடைக்கும்.

1891 ஏப்ரல் 14 ஆம் நாள் மாவ் படைமுகாமில், சுபேதார் ராம்ஜி சக்பாலின் பதினான்காம் மகவாகப் பிறந்தார் பீமராவ். தந்தையார் கபீர் நெறியினர்; மதுவைத் தொடாதவர். பின்னாளில் பம்பாய்ப் பரேலில் குடும்பம் முழுவதற்கும் ஒற்றை அறையே வீடு. சிறுவனின் தலைமாட்டில் திரிகை, காலடியில் வெள்ளாடு. தந்தையார் மகனை முன்னிரவிலேயே உறங்க வைத்துத் தாம் விழித்திருப்பார்; இரண்டு மணிக்கு அவனை எழுப்பிப் படிக்க அமர்த்திய பின்னரே தாம் கண்ணயர்வார். பிள்ளை படிக்கும் வேளையில் தொலைக்காட்சியையேனும் நிறுத்தும் தந்தையர் இன்று நம்மிடையே எத்தனை பேர்?

ஒழுங்கு அவருக்கு இயல்பாக வந்துவிடவில்லை. பரோடா மன்னரின் உதவித்தொகையால் 1913 இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் சேர்ந்தபோது, முதற் சில மாதங்கள் விளையாட்டிலும் கேளிக்கையிலும் கழிந்தன. பின்னர்த் தாம் வந்த நோக்கத்தை எண்ணித் தம்மைத் தாமே திருத்திக்கொண்டார். 1915 இல் எம்.ஏ. பட்டம் பெற்றார்.

சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராயிருந்து சேமித்த பொருளோடும், கோலாப்பூர் சாகு மகாராஜா, நண்பர் நவல் பதேனா ஆகியோரின் உதவியோடும் 1920 இல் மீண்டும் இலண்டன் சென்றார். காலையில் ஒரு துண்டு ரொட்டியும் தேநீரும் உண்டு, பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்திற்கு விரைவார். நண்பகல் உணவு பெரும்பாலும் இல்லை. நள்ளிரவில் பசியெடுத்தால் நண்பர் அளித்த அப்பளங்களைத் தாமே சுட்டுத் தின்று மீண்டும் படிப்பார். குடியும் புகையும் அவரை அண்டவில்லை. 1922 இல் வழக்கறிஞரானார். 1923 இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார்.

தாம் கொண்ட ஒழுங்கை மக்களிடமும் எதிர்பார்த்தார். 1927 டிசம்பரில் மகாடு நகரில் கூடிய பெண்களிடம் தூய உடை உடுத்துமாறும், செத்த விலங்கின் இறைச்சியை விலக்குமாறும், குடித்துவரும் ஆடவர்க்குச் சோறிடாதிருக்குமாறும், பெண் மக்களையும் பள்ளிக்கு அனுப்புமாறும் எடுத்துரைத்தார். அவர்தம் சேலைக்கட்டு மறுநாளே மாறிற்று.

இங்கு ஒன்றை மறையாது கூறல் வேண்டும். ஓயாத உழைப்பிலும் காலந்தவறிய உணவிலும் அவர் தம் உடலைப் பேணத் தவறினார். நீரிழிவும் நரம்புவலியும் அவரை வாட்டின. அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைமைப் பொறுப்பை நோயுடனேயே சுமந்தார். கால்வலியால் உறக்கமற்ற இரவுகள் பல. 1948 ஏப்ரலில் அவர் மணந்துகொண்ட சாரதா கபீர் அம்மையார் ஒரு மருத்துவர். உணவையும் மருந்தையும் அவர் கவனித்துக்கொண்டார். ஆயினும் இழந்த நலம் மீளவில்லை.

ஆகவே, என்னை வினவும் தம்பியர்க்கும் தங்கையர்க்கும் நான் கூறுவது இதுவே: இலண்டனில் அவர் பட்டினி கிடந்தது விரும்பியன்று, வறுமையால். உங்களுக்கு விடுதியில் வேளைக்கு உணவுண்டு. அதனை உண்ணுங்கள், முன்னிரவில் உறங்கி விடியலில் எழுங்கள், மாலையில் சிறிது நேரம் விளையாடுங்கள். அவரது உறுதியை எடுத்துக்கொள்ளுங்கள், உறக்கமின்மையை விட்டுவிடுங்கள்.

1956 டிசம்பர் 5 ஆம் நாள் இரவு, டில்லி இல்லத்தில், புத்தரைப் பற்றிய தம் நூலின் முன்னுரைத் தாள்களைப் பார்த்துவிட்டுப் படுத்தார். மறுநாட்காலை எழவில்லை. அப்போது அவருக்கு அகவை 65. அந்நூல் 1957 இல் வெளிவந்தது.