அருளானந்தருக்குத் தீர்ப்பிட்ட அரசர்

பிப்ரவரித் திங்கள் 4-ஆம் நாள் நெருங்கினாலே ஓரியூர்ச் செம்மணல் நம் நினைவுக்கு வந்துவிடும். புனித அருளானந்தரின் வரலாற்றை நம் பங்கின் சிறு பிள்ளைகளும் சொல்வார்கள். ஆனால் அவருக்கு மரணத் தீர்ப்பிட்ட மன்னரையோ, திருவிழா நாடகத்தில் மீசை முறுக்கி நிற்கும் கொடியவராக மட்டுமே நாம் கண்டிருக்கிறோம். அவர் யார்? ஏன் அப்படிச் செய்தார்? அவருடைய வாழ்க்கையும் நமக்கு ஒரு பாடமே.

அவர்தான் ரகுநாத கிழவன் சேதுபதி. 1670-களில் மறவர் சீமையின் அரசுரிமை அவர் கைக்கு வந்தது. அவருக்குச் சற்று முன்னே பட்டமேறியவர்கள் நெடுநாள் நிலைக்கவில்லை. மேற்கே மதுரை நாயக்கர், வடக்கே தஞ்சை மராத்தியர், கடற்கரையில் டச்சுக்காரர், அரண்மனைக்குள்ளேயே பங்காளிகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆபத்து. அப்படிப்பட்ட அரியணையில் அமர்ந்து 1710 வரை ஆண்டார் என்றால் அவருடைய திறமையை நாம் மறுக்க முடியாது.

போகலூரில் இருந்த தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டையை வலுப்படுத்தியவர் அவரே. தொண்டைமானின் சகோதரி காதலியை மணந்து, புதுக்கோட்டைச் சீமையைத் தொண்டைமானுக்கு அளித்தவரும் அவரே. 1702-இல் இராணி மங்கம்மாளின் பெரும்படை வந்தபோது அதை முறியடித்து, மதுரையின் மேலாட்சியிலிருந்து நாட்டை விடுவித்தார். கீழக்கரை வள்ளல் சீதக்காதி அவர் காலத்தவர், அவருடைய மதிப்புக்குரியவர். ஆகவே பிற சமயத்தார் என்றாலே வெறுத்தவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது.

இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 1686-இல் அருளானந்தர் முதல்முறை பிடிபட்டபோது, தளவாய் குமாரப் பிள்ளையின் ஆட்கள் மங்கலத்தில் அவரைக் கொடுமையாக வதைத்தார்கள். பின்னர் இராமநாதபுரத்தில் சேதுபதியே அவரை அழைத்து விசாரித்தார். அவர் சொன்னதைக் கேட்டார். இனி இந்நாட்டில் போதிக்கக் கூடாது என்று கட்டளையிட்டாலும், உயிரோடு விடுதலை செய்தார். சாகவேண்டிய குற்றம் இவரிடம் இல்லை என்பது அன்றே மன்னருக்குத் தெரிந்திருந்தது.

பிறகு ஏன் 1693?

அரச குடும்பத்தில் தடியத்தேவர் என்பவர் இருந்தார். சேதுபதிப் பட்டத்துக்கு உரிமையுள்ளவர் என்று பலரும் கருதிய இளவரசர் அவர். கடும் நோயுற்றிருந்த அவர், உபதேசியார் நற்செய்தி வாசித்துச் செபித்தபின் குணமடைந்தார். 1693 ஜனவரி 6, மூன்று இராசாக்கள் திருநாளன்று, அருளானந்தர் கையால் ஞானஸ்நானம் பெற்றார். அதற்குமுன், ஒரே மனைவியோடு வாழ்வதாக உறுதி கூறி மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களுள் ஒருத்தி சேதுபதியின் உறவினள். அவள் அழுதுகொண்டே அரண்மனைக்கு ஓடினாள். திருமுழுக்கு அருளப்பரையும் ஏரோதையும் இங்கே நினையாதவர் இல்லை.

ஆயினும் சேதுபதியின் மனத்தை அறிய ஏரோதைவிடச் சவுல் அரசரே நமக்கு உதவுவார். சவுலும் வீரர், பகைவரை வென்றவர். ஆனால் தாவீது தம் அரியணைக்கு வந்துவிடுவாரோ என்ற அச்சம் அவரை அரித்தது. தப்பி ஓடிய தாவீதுக்கு நோபு நகரின் குரு அப்பம் கொடுத்தார் என்பதற்காக, 85 குருக்களைக் கொல்லச் சொன்னார். சொந்தக் காவலர் மறுக்கவே, ஏதோமியன் தோயேகுவின் கையால் அதை முடித்தார்.

இராமநாதபுரத்திலும் அதுவே நடந்தது. போட்டியாளரான இளவரசரைத் தொட மன்னர் அஞ்சினார். தொட்டால் நாட்டில் கலகம் மூளும். ஆகவே கோபம் குருவின்மேல் திரும்பியது. தடியத்தேவர் சபையிலேயே தம் குருவுக்காக வாதாடினார். தலைநகரில் கொல்லத் துணியாத சேதுபதி, அருளானந்தரை ஓரியூருக்கு, தம் சகோதரரிடம் அனுப்பி, கொலைக் கட்டளையையும் இரகசியமாக அனுப்பிவைத்தார். பிப்ரவரி 4-ஆம் நாள் பாம்பாற்றங்கரையில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது.

அதற்குப் பின்னும் 17 ஆண்டுகள் மன்னர் ஆண்டார். இறுதிக் காலத்தில் புயலும் வெள்ளமும் பஞ்சமும் நாட்டை வாட்டின. 1710-இல் அவர் மறைந்தபோது 47 மனைவியர் அவருடைய சிதையில் உடன்கட்டை ஏறினர். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் வாரிசுச் சண்டையில் சீமை துண்டுபட்டு, சிவகங்கை தனியாகப் பிரிந்தது. இதைத் தேவ தண்டனை என்று சொல்ல நாம் யார்? மக்களும் அல்லவா துன்பப்பட்டார்கள்! ஆனால் ஒன்று தெளிவு: எந்த அரியணைக்காகக் குற்றமற்றவரின் இரத்தம் சிந்தப்பட்டதோ, அந்த அரியணையை அந்த இரத்தம் காப்பாற்றவில்லை.

வேதசாட்சியோ 1853-இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 1947-இல் புனிதராகவும் உயர்த்தப்பட்டார்.

அன்பார்ந்த பங்கு மக்களே! நமக்கு அரியணை இல்லை. ஆனால் சங்கத்தில் ஒரு பதவி, ஊரில் ஒரு மரியாதை, குடும்பத்தில் ஒரு முதலிடம் உண்டு. அது பறிபோய்விடுமோ என்று அஞ்சும் வேளையில், குற்றமற்ற ஒருவர்மேல் நம் கோபமும் திரும்பலாம். அநியாயம் என்று தெரிந்தும் அதை இன்னொருவர் கையால் செய்து முடிக்கும் சோதனை நமக்கும் வரலாம். ஓரியூர் மண்ணை நெற்றியில் இடும்போது புனிதரின் துணிவை மன்றாடுவோம். சேதுபதியை வென்ற அச்சம் நம்மை வெல்லாதிருக்கவும் மன்றாடுவோம்.