அருளைத் தேடிய துறவி மார்ட்டின் லூதர்

இறைவனை அடைவது சாதகனின் முயற்சியாலா, இறையருளாலா? ஒரு துறவியின் உள்ளத்தில் மூண்ட இக்கேள்வி ஐரோப்பாவின் சமய வரலாற்றையே மாற்றியது.

மார்ட்டின் லூதர் 1483-இல் ஜெர்மனியின் ஐஸ்லேபன் நகரில் பிறந்தார். சட்டம் பயின்றுவந்த அவர், 1505-இல் வழிப்பயணத்தின்போது அருகே இடி விழவே, துறவியாவதாக நேர்ந்துகொண்டு எர்ஃபர்ட் நகரின் அகஸ்டீனிய மடத்தில் சேர்ந்தார். உபவாசம், கண்விழிப்பு, ஓயாத பாவ அறிக்கை என்று கடுந்தவம் புரிந்தும் அமைதி கிட்டவில்லை. பின்னர் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் வேதாகமம் கற்பிக்கையில், புனித பவுலின் நிருபங்களில் விடை கண்டார்: அருள் உழைத்துப் பெறும் கூலியன்று, நம்பிக்கையால் ஏற்கும் கொடை.

அந்நாளில் ரோமின் புனித பேதுரு பேராலயத் திருப்பணிக்காகப் பாவமன்னிப்புச் சீட்டுகள் விற்கப்பட்டன. அருளுக்கு விலையா என்று மனம் நொந்த லூதர், 1517 அக்டோபர் 31 அன்று 95 கருத்துரைகளை மைன்ஸ் பேராயருக்கு அனுப்பினார். திருச்சபையைப் பிளப்பது அவர் நோக்கமன்று. ஆயினும் 1521-இல் போப்பாண்டவர் அவரை விலக்கினார். வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன்னிலையிலும் அவர் தம் எழுத்துகளைக் கைவிட இசையவில்லை. வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்து அவர் ஜெர்மன் மொழியில் பெயர்த்த புதிய ஏற்பாடு, 1522-இல் எளியோரின் கைகளை எட்டியது. 1529-இல் ஸ்பேயர் மன்றத்தில் அவரது ஆதரவாளர்கள் தெரிவித்த எதிர்ப்பினால் 'புராட்டஸ்டன்ட்' என்ற பெயர் எழுந்தது.

1543-இல் யூதர்களைப் பழித்து அவர் எழுதிய கொடுஞ்சொற்கள் அவரது வாழ்வின் மாறாக் களங்கம். 1546-இல் பிறந்த ஊரிலேயே மறைந்தார்.

1999-இல் அதே அக்டோபர் 31 அன்று, அருளாலேயே மீட்பு என்னும் கூட்டுப் பிரகடனத்தில் லூதரன் சபையினரும் கத்தோலிக்கரும் ஒப்பமிட்டனர். பிரித்த கேள்வியே அவர்களை மீண்டும் அருகருகே அமர்த்தியது.