தார்வாரில் வாழ்ந்த மராத்திக் கதாசிரியர் ஜி.ஏ. குல்கர்ணி

மராத்தி இலக்கியத்தில் ஈடுபாடுள்ள அண்டை வீட்டுக்காரர் யாரிடமாவது ஜி.ஏ. என்ற இரண்டு எழுத்துக்களைச் சொல்லிப் பாருங்கள். ஒரு கணம் மௌனமாகி, அதன் பிறகே பேசத் தொடங்குவார். பு.ல. தேஷ்பாண்டேயின் பெயரைச் சொன்னால் சிரிப்பு வரும், ஜி.ஏ. குல்கர்ணியின் பெயரைச் சொன்னால் முகத்தில் ஒரு கனம் வந்து உட்காரும். சிறுகதை ஒன்றையே தமது துறையாகக் கொண்டு, கூட்டங்களையும் மாலைகளையும் தவிர்த்து வாழ்ந்து, இந்தப் புனே நகரில் கண்மூடிய அந்த மனிதரின் வரலாறு, சொந்த மாநிலத்தை விட்டு வந்து வாழும் நமக்குப் பல வகையில் நெருக்கமானது.

இளமையும் இழப்பும்

குருநாத் ஆபாஜி குல்கர்ணி 1923-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி பிறந்தார். பெல்காம் வட்டாரத்தைச் சேர்ந்தவர். அந்நாளில் அது பம்பாய் மாகாணத்தின் ஒரு பகுதி. மராத்தியும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் ஊர். பெற்றோரையும் நெருங்கிய உறவினரையும் இளமையிலேயே பறிகொடுத்தார். மரணம் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்த விஷயமன்று. வீட்டுக்குள் அடிக்கடி வந்துபோன விருந்தாளி.

ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்துத் தார்வாரில் ஜே.எஸ்.எஸ். கல்லூரியில் ஆங்கில ஆசிரியரானார். ஏறத்தாழ 30 ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் தனிக்கட்டையாகவும் இருந்துவிடவில்லை. தாயின் சகோதரி பெண்களான இரு தங்கையர் அவரது நிழலில் வாழ்ந்தனர். கல்லூரிச் சம்பளம், வீடு, தங்கையர், புத்தகங்கள் என்று ஒரு சிறிய வட்டத்துக்குள் அவரது வாழ்க்கை அமைந்தது.

எல்லைக்கு அப்பால் ஒரு மொழி

1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது பெல்காமும் தார்வாரும் மைசூர் ராஜ்யத்துடன் சேர்ந்தன. ஜி.ஏ. இருந்த இடத்திலேயே இருந்தார், மாநிலம்தான் மாறிற்று. மராத்தி எழுதுகிறவர் புனேக்கோ பம்பாய்க்கோ போனால்தான் பெயர் கிடைக்கும் என்ற நிலை இருந்தும், அவர் தார்வாரை விட்டுப் பெயரவில்லை.

அதே தார்வாரில் இன்னொரு பெரியவர் இருந்தார். கன்னடக் கவி த.ரா. பேந்த்ரே. அவருக்குத் தாய்மொழி மராத்தி. கல்லூரிப் படிப்பு நமது பெர்குஸன் கல்லூரியில். ஆயினும் கன்னடத்தில் கவி பாடி 1973-ஆம் ஆண்டின் ஞானபீடப் பரிசைப் பெற்றார். அதே 1973-இல் ஜி.ஏ.யின் மராத்திக் கதைத் தொகுதியான 'காஜள்மாயா'வுக்கு சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. சுற்றியிருந்த மொழியைத் தமதாக்கிக்கொண்டார் ஒருவர். தாம் கொண்டுவந்த மொழியை விடாமல் காத்தார் மற்றவர். இருவருக்கும் ஓர் ஊர் இடம் கொடுத்தது. வெளி மாநிலத்தில் பிள்ளைகளை வளர்க்கும் நம்மவர்கள் தினமும் எதிர்கொள்ளும் கேள்விக்கு இந்த ஊரிலேயே இரண்டு விடைகள் இருந்தன!

அந்த விருதையும் ஜி.ஏ. வைத்துக்கொள்ளவில்லை. நூல் வெளியான தேதியைப் பற்றிச் சர்ச்சை எழுந்ததும், விருதைத் திருப்பி அனுப்பிவிட்டார். வாதாடவும் இல்லை.

அபத்தமும் விதியும்

1959-இல் 'நிளா சாவளா' என்ற முதல் தொகுதி வந்தது. 'பார்வா', 'ஹிர்வே ராவே', 'ரக்தசந்தன்' ஆகியவை தொடர்ந்தன. கங்காதர் காட்கில், அரவிந்த் கோகலே, வியங்கடேஷ் மாட்கூள்கர் முதலியோர் மராத்தியில் புதுக்கதை என்ற இயக்கத்தை நிலைநாட்டியபின் வந்தவர் ஜி.ஏ. ஆனால் எந்த அணியிலும் அவர் நின்றதில்லை. 1975-இல் வெளியான 'ஸாஞ்ஜ்சகுன்', 'ரமல்குணா' ஆகிய நூல்களில் புராணமும் கனவும் கலந்த ஒரு தனி உலகம் உருவாயிற்று.

மேல்நாட்டில் அபத்த இலக்கியம் என்று ஒரு வகை உண்டு. நியாயம் என்று நாம் நம்புகிற எதுவும் இயங்காத உலகில் மனிதன் அகப்பட்டுத் தவிப்பதைச் சொல்வது அது. அதற்கு முன்னோடி என்று பிராக் நகரத்து பிரான்ஸ் காஃப்காவைச் சொல்வார்கள். செக் மொழி பேசும் ஊரில் ஜெர்மன் மொழியில் எழுதிய யூதர். பகலில் இன்ஷூரன்ஸ் அலுவலக உத்தியோகம். 1915-இல் வெளியான அவரது 'உருமாற்றம்' கதையில், பெற்றோரின் கடனை அடைக்கவும் தங்கையைச் சங்கீதம் படிக்க வைக்கவும் ஊர் ஊராய் அலைந்து உழைக்கும் விற்பனைப் பிரதிநிதி ஒருவன், ஒருநாள் காலையில் பூச்சியாக மாறிக் கிடக்கிறான். சம்பாத்தியம் நின்றதும் வீட்டாரின் பாசம் சிறிது சிறிதாக வற்றிவிடுகிறது.

ஜி.ஏ.யின் 'ஸ்வாமி' என்ற கதை இதற்குச் சற்றும் இளைத்ததன்று. 1977-இல் வந்த 'பிங்களாவேள்' தொகுதியில் உள்ளது. பிரயாணி ஒருவனை மரியாதையாக மடத்துக்கு அழைத்துப் போகிறார்கள். உணவு, படுக்கை, உபசாரம் எல்லாம் உண்டு. வெளியே போக வழி மட்டும் இல்லை. பூமிக்கடியில் ஓர் அறையில், பெயரும் ஊரும் இழந்து, அவன் ஸ்வாமியாக இருந்தே தீரவேண்டும்! காற்று வரும் துவாரத்தின் வழியே வெளிச்சத்தை நாடி ஏறும் ஒரு பச்சைக் கொடிதான் அவனுக்கு மிஞ்சும் ஆறுதல். மற்றவர் சூட்டும் பட்டத்துக்குள் மனிதனின் சொந்தப் பெயர் எப்படிப் புதைந்துபோகிறது என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொல்ல முடியாது.

ஆனால் ஜி.ஏ. இதோடு நிற்பவர் அல்லர். 'கைரி' என்ற கதையில் தாய் தந்தையற்ற ஒரு குழந்தை சித்தியின் வீட்டுக்கு வந்து சேர்கிறது. 2000-இல் அமோல் பாலேகர் அதைப் படமாக்கினார். மஞ்சள் குங்கும வைபவத்தில் அவமானப்பட்ட ஓர் ஏழைத் தாயைப் பற்றிய 'சைத்ர' கதையை, புனே திரைப்படக் கல்லூரி மாணவரான கிராந்தி கானடே குறும்படமாக எடுத்துத் தேசிய விருது பெற்றார். உலகம் எவ்வளவு அர்த்தமற்றதாக இருந்தாலும், ஒரு சித்தியின் கை, ஒரு தாயின் மானம் ஆகியவை ஜி.ஏ.யின் கதைகளில் அர்த்தமற்றுப் போவதில்லை. காஃப்காவின் கதாநாயகனைக் கடமை நசுக்கிற்று. ஜி.ஏ.யையோ, இருளை இவ்வளவு அருகில் நின்று பார்த்தவரை, கடமைதான் கீழே விழாமல் பிடித்துக்கொண்டது என்று எண்ணத் தோன்றுகிறது.

புனேயில் கடைசிக் காலம்

புகைப்படங்களில் பெரும்பாலும் கறுப்புக் கண்ணாடியுடன் காணப்படும் ஜி.ஏ., மனிதரை வெறுத்தவர் என்று சிலர் நினைத்ததுண்டு. அவருடைய கடிதங்கள் நான்கு தொகுதிகளாக வெளிவந்தபின் அந்த எண்ணம் மாறிற்று. நேரில் பேசாததையெல்லாம் அவர் தபாலில் பேசியிருந்தார். பு.ல.வின் மனைவியார் சுனிதா தேஷ்பாண்டே அவருக்கு எழுதிய கடிதங்கள் 'ப்ரிய ஜி.ஏ.' என்ற நூலாக 2003-இல் வெளியாயின. தங்கையரில் ஒருவரும் அண்ணனைப் பற்றி அன்பு ததும்பும் நினைவு நூல் ஒன்றை எழுதினார். சிதம்பரத்தில் ஒதுங்கி வாழ்ந்து, இரண்டு டஜன் கதைகளால் தமிழில் நிலைத்துவிட்ட மௌனியை அறிந்தவர்களுக்கு, ஜி.ஏ.யின் தனிமையும் அந்நியமாகத் தோன்றாது.

உடல் நலிந்த கடைசிக் காலத்தில் தார்வாரை விட்டுப் புனேக்கு வந்தார். எந்தத் தங்கையரின் பொறுப்பைத் தோளில் சுமந்தாரோ, அந்தக் குடும்பமே இப்போது அவரைத் தாங்கிற்று. 1987 டிசம்பர் 11-ஆம் தேதி இங்கே காலமானார். வயது 64. வாழ்நாள் முழுதும் மராத்தி நாட்டின் எல்லைக்கு வெளியே நின்று எழுதியவருக்கு, மராத்தி மண்ணில் கிடைத்தது கடைசிக் காலம்தான்.

அப்பா பல்வந்த் சௌக் புத்தகக் கடைகளுக்குப் போகும்போது ஜி.ஏ.யின் தொகுதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். நமக்குப் படிக்க வராவிட்டால், இங்கே பள்ளியில் மராத்தி படிக்கும் நம் பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும். பதிலுக்கு மௌனியின் கதை ஒன்றை நாம் அவர்களுக்குத் தமிழில் படித்துக் காட்டலாம்.