புண்பட்டவனைத் தேடிப் போன டாக்டர்

கடலுக்குப் போகும் கோவளத்துத் தோழர்களைக் கேட்டுப் பாருங்கள். நடுக்கடலில் அடிபட்டவனுக்குக் காயத்தைவிடக் கொடியது எது? கரையேறி, வண்டி பிடித்து, டாக்டரின் கை காயத்தில் படும்வரை கழிகிறதே, அந்த நேரம்தான்! போர்க்களத்திலும் அதே கதை. குண்டடி பட்டு உடனே சாகாதவன், கேட்பாரற்றுக் கிடந்து, இரத்தம் வடிந்தும் சீழ் பிடித்தும் சாவான்.

இந்த நேரத்தோடு மல்லுக்கு நின்றவர் டாக்டர் துவாரகநாத் கோட்னிஸ். 1910-ல் ஆலைத் தொழிலாளர் நகரமான சோலாப்பூரில் பிறந்தவர். பம்பாயில் மருத்துவம் படித்தவர். நினைத்திருந்தால் பணத்தோடும் பங்களாவோடும் வாழ்ந்திருக்கலாம். ஜப்பானிய ஏகாதிபத்தியம் சீனத்தைச் சூறையாடிக்கொண்டிருந்த நேரம்; தளபதி சூ டே நேருவிடம் மருத்துவ உதவி கேட்டார். 1938 செப்டம்பரில் காங்கிரஸ் ஐந்து டாக்டர்களை அனுப்பியது. தன் புண்ணே ஆறாத அடிமை நாடு, அண்டை வீட்டான் புண்ணுக்கு மருந்து அனுப்பியது! அந்த ஐவரில் ஒருவர் கோட்னிஸ். சீனம் போய்ச் சேர்ந்த சில மாதங்களிலேயே தந்தை இறந்த செய்தி வந்தது. ஊர் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் திரும்பவில்லை.

அங்கே அவருக்கு முன்னோடி, கனடா நாட்டு டாக்டர் நார்மன் பெத்யூன். ஸ்பெயின் போரில் இரத்தத்தைப் புட்டியில் அடைத்துக் களத்துக்கே வண்டியில் கொண்டுபோனவர் இவர். சீன மலைகளில் ரண சிகிச்சைக் கருவிகளைக் கோவேறு கழுதைமேல் ஏற்றிக்கொண்டு, சண்டை நடக்கும் இடத்தருகே போனார். காயம்பட்டவன் டாக்டரைத் தேடி வருவதாவது! டாக்டரல்லவா அவனைத் தேடிப் போகவேண்டும்? 1939 நவம்பரில், சிகிச்சையின்போது விரலில் பட்ட சிறு வெட்டு விஷமேறி அவரையே கொன்றது. பெனிசிலின் போர்க்களத்துக்கு வராத காலம் அது.

பெத்யூன் விட்ட வேலையைக் கோட்னிஸ் எடுத்துக்கொண்டார். 1940-ல் நடந்த சண்டை ஒன்றில் மூன்று நாள் இரவு பகல் கண் மூடாமல் காயம்பட்டோருக்குச் சிகிச்சை செய்தார். 1941-ல் பெத்யூன் பெயர் தாங்கிய மருத்துவமனைக்குத் தலைவரானார். சீன மொழி கற்று, அம்மொழியிலேயே பாடம் நடத்தினார். எத்தனை பேருக்குத்தான் ஒருவரே சிகிச்சை செய்ய முடியும்? அவர் பழக்கிவிட்ட கைகள் பலமடங்கு செய்யுமே! அங்கேயே குவோ சிங்லான் என்ற செவிலியை மணந்தார். 1942 ஆகஸ்டில் மகன் பிறந்தான். இந்தியாவையும் சீனத்தையும் சேர்த்து இன்ஹுவா என்று பெயரிட்டனர்.

ஓயாத உழைப்பு, அதனோடு காக்காய் வலிப்பு. 1942 டிசம்பர் 9-ல், 32 வயதில் மாண்டார். மகனுக்கு அப்போது நான்கு மாதம்கூட நிறையவில்லை. மாணவர்களுக்காக எழுதிக்கொண்டிருந்த ரண சிகிச்சை நூல் பாதியில் நின்றது.